படகுக்காரனை ஏன் பிடிக்கவில்லை

ஒரு கார்ட்டூன் பையனைத் திட்டியதற்காக என் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இது நடந்தது போன வருடம் சித்திரை வெயிலில், விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில். அப்போது நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையன் வரும் தொடர் நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது தமிழில் வர ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை. கதை ரொம்ப எளிமையானது. ஒரு பெரிய ஆறு, அதன் துறையில் படகு ஓட்டும் ஒரு பையன். யார் வந்து கேட்டாலும் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவான். முடியாது என்ற சொல்லே அவன் வாயில் வராது. அவன் படகில் ஒரு பெண் இருக்கிறாள், வரைபடம் வரைகிறவள். ஆறு போய்க் கடலில் சேரும் இடத்தை ஒரு தடவை பார்த்து வரைந்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "நான் கூட்டிப் போகிறேன்" என்று முதல் பாகத்திலேயே அவன் சொல்லிவிட்டான். ஒவ்வொரு பாகத்திலும் கிளம்புவார்கள். பாதி வழியில் எவனாவது கரையில் நின்று கை தட்டிக் கூப்பிடுவான், படகு திரும்பிவிடும். கூப்பிட்டவன் கொள்ளைக்காரனாக இருப்பான். அக்கரையில் இறங்கி ஒரு ஊரையே கொளுத்துவான், அப்புறம் மனம் வருந்தி அழுவான். படகுக்காரன் அவனை மன்னிப்பான். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அந்த நேரத்தில் அந்தப் பெண் ஓரமாக உட்கார்ந்து நனைந்துபோன தாள்களைக் காயவைத்துக்கொண்டிருப்பாள். அதைக் காட்டக்கூட மாட்டார்கள், மூலையில் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்கள் எல்லாருக்கும் படகுக்காரனைப் பிடித்தது. பென்சில் பெட்டியில் அவன் படம் ஒட்டியிருந்தேன். வளர வளரப் பிடிக்காமல் போனது. எனக்கு மட்டுமல்ல, இணையத்தில் அவனை "நம்ம நல்லவரு" என்றுதான் ரசிகர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். ஊரைக் கொளுத்திய வில்லனுக்குக்கூட அவ்வளவு திட்டு விழாது. வில்லன் வில்லன் வேலையைச் செய்கிறான், இவன் என்ன செய்கிறான் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

எனக்குப் படிப்பு முடிந்ததும் சென்னையில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை கிடைத்தது. சொன்னதும் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போயிட்டு வா பாப்பா, நாலு எடத்தப் பாத்தாதான் தைரியம் வரும்" என்றார். கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்ச் சக்கரம் வைத்த பெட்டி வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி பெரியப்பாவுடையது. அப்பா அங்கேதான் வேலை பார்க்கிறார். களிமண் கலப்பதிலிருந்து சூளையில் அடுக்குவது வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். பெயருக்குத்தான் தம்பி, மற்றபடி சம்பளக்காரர்.

பெரியப்பா காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல மெட்ராஸ்ல ஆஸ்டல்ல கொண்டு போயி வுட்டா, நாளைக்கு எவன் வந்து கேப்பான்?"

"அதுவும் சரிதாங்க அண்ணே" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பினார். எனக்குக் காட்டியதும் பெரியப்பாவுக்குக் காட்டியதும் ஒரே சிரிப்பு. பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டோம். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்பாவைத் தங்கமான மனிதர் என்றுதான் சொல்வார்கள். அது உண்மையும்கூட.

அப்புறம் வீடுதான். காலையில் வாசல் தெளிப்பது, அம்மாவோடு சமைப்பது, மத்தியானம் படுப்பது, சாயங்காலம் முகம் கழுவுவது. கடைக்குப் போனால் "எங்க போயிட்டு வரே?" என்று தெருவே கேட்கும். வேதியியல் புத்தகங்களைத் திறந்தால் ஆத்திரமாக வந்தது. பகல் இவ்வளவு நீளமானது என்று அந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. காலையில் ஒரு ரயில் கூவிக்கொண்டு போகும், மத்தியானம் ஒன்று. எது எந்தப் பக்கம் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகிவிட்டேன்.

அந்த மாதங்களில்தான் படகுக்காரனைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து இணையத்தில் போட ஆரம்பித்தேன். முகம் காட்டுவதில்லை, குரல் மட்டும். எங்கள் பின்னறையில் கம்பெனியின் பொம்மைப் பெட்டிகளைக் கூரைவரை அடுக்கியிருப்பார்கள். அட்டையும் வைக்கோலும் எதிரொலியை இழுத்துக்கொள்ளும் என்பதால் பதிவுசெய்ய நல்ல இடம். மத்தியானம் அம்மா தூங்கியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்துவேன். ஃபேன் சத்தம் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவேன். துப்பட்டாவைத் தலையில் போர்த்திக்கொண்டு, போனை வாயருகே பிடித்துக்கொண்டு பேசுவேன். வியர்வை முழங்கையில் சொட்டும்.

முதல் பேச்சிலேயே நான் சொன்னது இதுதான்: அவன் கோழை என்பதால் நமக்குப் பிடிக்காமல் போகவில்லை. அவன் எல்லாருக்கும் நல்லவன். அந்த நல்ல பெயருக்கு விலை கொடுக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள். கரையில் நிற்கிற அந்நியன் முகம் கோணினால் அவனால் தாங்க முடியாது. படகில் இருக்கிறவள் முகம் கோணினால் தாங்குவான், ஏனென்றால் அவள் எங்கேயும் போகமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

அதை நான் எதிர்பார்க்காத அளவுக்குக் கேட்டார்கள். பெண்கள் நிறையப் பேர் எழுதினார்கள். "அக்கா, நானும் வூட்டுலதான் இருக்குறேன், இன்னும் நல்லா திட்டுங்க" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். நானும் இன்னும் நன்றாகத் திட்டினேன். போகப்போக அவனைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அவனிடமே பேச ஆரம்பித்திருந்தேன். நீ, உன்னை, உனக்கு என்று.

எதிர்வீட்டு அத்தை எங்கள் கொல்லைப்பக்கம் கறிவேப்பிலை பறிக்க வருவார். பின்னறை ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. அன்றைக்கு அவர் காதில் விழுந்தது: "கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி எத்தனை வருஷமா ஏமாத்துவ? உன்னை நம்பித்தானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்?" அந்தப் பெண்ணாக நடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அத்தை கறிவேப்பிலையை விட்டுவிட்டு நேராக அம்மாவை எழுப்பப் போய்விட்டார்.

நான் கதவைத் திறந்தபோது அம்மா எதிரிலேயே நின்றார்.

"யாருடி அவன்?"

"எவன்மா?"

"ஒன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னவன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. போன் கையிலிருந்து போனது, பீரோச் சாவி அம்மாவின் இடுப்புக்குப் போனது. அந்த வாரக் கடைசியில் வேப்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ரோட்டோரத்தில் ஓட்டல் வைத்திருக்கிறவர்கள், பெரியப்பா பிடித்துக் கொண்டுவந்த சம்பந்தம். அம்மா அழுதார். நான் கார்ட்டூன் என்றேன், தொடர் என்றேன், படகு என்றேன். சொல்லச் சொல்ல மோசமானது.

"பொம்மப் படத்துல வர்ற பையனப் போயி யாராச்சும் இப்படி அழுதுக்கிட்டே திட்டுவாங்களா?" என்றார் அம்மா.

நான் அழுதுகொண்டு திட்டினேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வை என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா விஷயத்தைச் சொன்னார். அப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்து நிதானமாக உட்கார்ந்தார். "போனைக் குடு, கேட்டுப் பாத்துருவோம். கொழந்த பொய் சொல்லாது" என்றார். அம்மா பீரோவைத் திறந்தார். மூன்று பேரும் பின்னறையில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். தொடரில் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். படகு வந்தது, பையன் வந்தான். அம்மா மூச்சு விட்டார். பெரிய கண்ணும் நீலத் தலைமுடியுமாக இருந்தவனைப் பார்த்து, "இவனா?" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பாதான், "நீ பேசுனதையும் போடு பாப்பா" என்றார்.

போட்டேன். என் குரல் அந்தச் சின்ன அறையில் கேட்டது. எல்லாருக்கும் நல்லவன், கரையில் நிற்கிறவன் முகம், படகில் இருக்கிறவள் எங்கேயும் போகமாட்டாள். அப்பா தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டார். முதலில் இருந்த சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, அப்புறம் இல்லை. பதிவு முடிந்ததும் விரலால் ஒரு பெட்டியின் அட்டையைச் சுரண்டினார்.

"இதெல்லாம் எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே பாப்பா" என்றார்.

"ஒங்ககிட்ட சொன்னா நீங்க சிரிப்பீங்கப்பா."

அம்மாவுக்குப் புரியவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா எழுந்து போய் வாசலில் செருப்பைத் தேடினார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். டீக்கடைக்குப் போனவர் அன்று வெகுநேரம் வரவில்லை.

வேப்பூர்க்காரர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போனார்கள். ஜாதகம் சேரவில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். எதிர்வீட்டு அத்தைதான் எதையோ சொல்லிவிட்டார் என்று அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து அப்பா சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுக்க நான் கம்பெனிக்குப் போனேன். அன்று சூளையிலிருந்து எடுத்த பொம்மைகளில் நிறைய விரிசல் விட்டிருந்தன. வேலைக்கு வந்த பெண்கள் சுற்றி நிற்க, பெரியப்பா அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார். "கண்ண எங்கடா வச்சிருந்த? ஒன்ன நம்பி வுட்டா இப்படித்தான்." அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். அதே சிரிப்பு. நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். அந்தச் சிரிப்பை நான் எப்போதும் எதிரில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன். அன்று பக்கவாட்டில் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தாடை நரம்பு தெரிய, வலியை அடக்குகிறவர் போல இருந்தார். கேரியரை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

படகுக்காரனுக்கு முடியாது என்று சொல்லத் தெரியவில்லை என்று இத்தனை நாள் திட்டினேன். சொன்னால் நிற்க அவனுக்கு ஒரு கரை உண்டா என்று யோசித்ததில்லை. அடுத்த பேச்சில் இதைச் சொன்னேன். கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. "என்னக்கா சப்பையாயிட்டீங்க" என்றார்கள். அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் மன்னிக்கவில்லை. அப்பாவைப் புரிந்துகொண்டதால் எனக்கு எந்தக் கதவும் திறந்துவிடவில்லை. மறுநாளும் வாசல் தெளித்தேன், மறுநாளும் மத்தியானம் வந்தது. முன்பாவது திட்டுவதற்கு ஒருத்தன் இருந்தான். இப்போது அதுவும் போயிற்று.

ஆடி பிறந்தபோது விழுப்புரத்தில் ஒரு லேபில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. காலை ரயிலில் போனால் சாயங்காலம் வந்துவிடலாம். யாரையும் கேட்காமல் எழுதிப்போட்டேன். வரச்சொன்னார்கள். அன்றைக்கு அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்பா, நான் போறேன். சிரிக்காம ஒரு பதில் சொல்லுங்க."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா ரசத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"போ" என்றார்.

"பெரியப்பா?"

"அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வேலைக்குச் சேரும் நாளில் அப்பாவே என்னை வண்டியில் வைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார். கம்பெனிக்கு நேரமாகும் என்று சொல்லியும் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் என்னோடு நின்றார். தண்ணீர் பாட்டில் எடுத்தாயா, சீசன் பாஸ் எடுத்தாயா, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதே என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் எனக்காக இப்படி வெளிப்படையாக வந்து நின்றதில்லை. ரயில் தூரத்தில் தெரிந்தபோது அவர் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவர் முதுகு லேசாக வளைந்தது. பெரியப்பா.

"சொல்லுங்க அண்ணே... இதோ வந்துட்டேன், பால் வாங்க வந்தேன்... பாப்பாவா? வூட்டுலதாங்க அண்ணே இருக்குது. தூங்குது."

ரயில் இரைந்துகொண்டு வந்து நின்றது. அப்பா போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். முகத்தில் அதே சிரிப்பு, நெற்றியெல்லாம் வியர்வை. இன்னொரு கையால் என்னை ரயில் பெட்டிப் பக்கம் தள்ளினார்.

"ஏறு, ஏறு" என்றார் சத்தமில்லாமல்.

ஏறிக்கொண்டேன்.