என்கிறார்

என் மாமனாரின் குரல் இன்று எங்களிடம் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. என் கைப்பேசியில் உள்ள ஒரு சின்ன வீடியோவில். கல்யாண வீடியோக்களில் எல்லாம் மாமா பந்தலோரமாக நின்று வெறுமனே சிரித்துக்கொண்டிருப்பார். இந்த ஒன்றில்தான் பேசுகிறார். அதுவும் வேறொருவருக்காக. மலைக்கே கேட்கிற மாதிரி ஆளாளுக்கு அனுப்பிச் சிரித்த வீடியோ அது. எத்தனையோ தடவை அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோயிருக்கிறேன், முடிந்ததில்லை.

மாமா ஊட்டியில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் இந்தி வாத்தியார். எங்கள் ஊரான கட்டபெட்டில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. நான் அதே ஊரில் இருந்த ஒரே வங்கிக் கிளையில் கேஷியர். மாமா காலையில் ஊட்டி பஸ்ஸுக்கு நிற்பார், நான் எதிரே கிளையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பேன். எங்கள் கிளை பெரிய மாளிகை ஒன்றுமில்லை. மழை பெய்தால் ஓர் ஓரத்தில் வாளி வைக்க வேண்டும். ஆனாலும் எஸ்டேட் பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நடை இறங்கிவந்து, சம்பளத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த நிறுவைக்குள் திரும்பிவிடலாம். அடுத்த கிளை இருக்கிற கோத்தகிரிக்குப் போக வேண்டும் என்றால் அரை நாள் கூலி போய்விடும்.

அந்தச் சமயத்தில் ஆட்சியிலிருந்தவர்கள் வங்கிகளுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் போகிறோம் என்று ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஒரே கிளை இருந்தால் அதை இஷ்டத்துக்கு மூடக்கூடாது என்பதும் அந்தக் கட்டுப்பாடுகளில் ஒன்று. அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டு வந்தார் எதிர்க்கட்சியின் டில்லித் தலைவர். கூடவே வந்த மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர். கோத்தகிரி மலைப்பாதையின் வளைவுகளில் வாந்தியெடுத்து, பின்னால் வந்த காரில் சுருண்டு கிடந்தார். தலைவரின் பிரசார வேன் எங்கள் கடைவீதியில் நின்றபோது மாமா பள்ளி விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாஸ்டருங்க, கொஞ்சம் ஏறி வந்து நாலு வார்த்தை தமிழ்ல சொல்லிப்போடுங்க.”

கழுத்தில் மஃப்ளரோடு, கையில் டிபன் பையோடு மாமா வேனின் படியில் ஏறினார். நான் கவுண்டரை விட்டு வாசலுக்கு வந்து பார்த்தேன். தலைவர் இந்தியில் சொல்லச் சொல்ல, மாமா தமிழில் சொன்னார். வீட்டில் உப்பு வேண்டும் என்று கேட்கவே கூச்சப்படுகிற மனிதர், மைக்கைப் பிடித்ததும் வேறு ஆளாகிவிட்டார். “நான் இருக்கும்வரை கட்டபெட்டு பேங்க்கின் கதவு மூடாது!” என்று அவர் முடித்தபோது விசில் பறந்தது. கைதட்டல் தனக்குத்தான் என்று தலைவர் கும்பிட்டார்.

அன்று சாயந்திரம் மாமா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்தார். “அவுரு ஒரு கிளையும் மூட உடமாட்டேன்னுதான் சொன்னாரு அம்மிணி. கட்டபெட்டுங்கற பேரே அவுரு வாயில வரலை. நான்தான் சேத்துப்போட்டேன்” என்றார். அத்தை, அதாவது என் மாமியார், “அப்ப ஓட்டும் உங்களுக்கே போட்டுடறனுங்க” என்று கேலி செய்தார். எனக்கும் அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

தேர்தலில் அந்தத் தலைவரின் கட்சி ஜெயித்தது. கொஞ்ச காலத்தில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் அதே திட்டத்தை அவரே கையில் எடுத்தார். முன்பு அதைக் கொண்டுவந்தவர்கள் இப்போது அதை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். நாற்காலியை மாற்றிக்கொண்டவர்கள் பேச்சையும் அப்படியே மாற்றிக்கொண்டார்கள். டில்லியில் இதெல்லாம் சகஜமாக இருக்கலாம். கட்டபெட்டில் அந்தப் பேச்சுக்கு ஒரு முகம் இருந்தது, அது தினமும் பஸ் ஸ்டாப்பில் நின்றது.

தலைவர் ஊட்டிக்கு வருகிறார், மாஸ்டர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று கட்சியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மாமா உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். பள்ளித் தாளாளர் போன் செய்தார். மாமாவுக்கு ஓய்வு வயது தாண்டியிருந்தது, வருஷா வருஷம் தாளாளர் தயவில்தான் வேலை நீடித்தது. போனைக் காதில் வைத்தபடி மாமா எழுந்து நின்றுவிட்டார். “சரிங்க… ஆகட்டுங்க… சரிங்க” என்பதைத் தவிர எங்களுக்கு வேறொன்றும் கேட்கவில்லை. எனக்குத் தாளாளர்மேல் வந்த கோபத்தைவிட மாமாமேல்தான் கோபம் அதிகம் வந்தது. என் பிழைப்பும் அந்தக் கிளையில்தானே இருந்தது.

ஊட்டி மைதானத்துக்கு எங்கள் ஊரிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் அத்தையும் போனோம். தலைவர் பேசினார். மாமா மைக்கை நெருங்கி, “தேவையில்லாத கிளைகளைக் கட்டிக்கொண்டு வங்கிகள் ஏன் அழ வேண்டும், அவற்றை மூட விடுங்கள், என்கிறார்” என்றார். அடுத்த வாக்கியம், மறுபடியும் ‘என்கிறார்’. அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு வாக்கியத்தைக்கூட அந்தச் சொல் இல்லாமல் அவர் கீழே விடவில்லை. செயலாளர் பின்னாலிருந்து வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். நேராகப் பேசச் சொன்னாராம். மாமா தலையாட்டினார். ஆட்டிவிட்டு, மறுபடியும் ‘என்கிறார்’ என்றார். என் பக்கத்தில் அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே வீடியோ வந்துவிட்டது. யாரோ இரண்டு கூட்டத்தையும் ஒட்டியிருந்தார்கள். முதலில், “நான் இருக்கும்வரை கட்டபெட்டு பேங்க்கின் கதவு மூடாது!” அடுத்து, “அவற்றை மூட விடுங்கள்.” அத்தோடு சரி. ‘என்கிறார்’ வருவதற்குள் வெட்டிவிட்டார்கள். தலைவரின் இந்தி யாருக்குப் புரியப்போகிறது? இரண்டு பாதியிலும் கேட்டது மாமாவின் தமிழ்தான். பஸ் ஸ்டாப்பில் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் நேராகவே கேட்டார். “ஏனுங் மாஸ்டர், நீங்கதானுங்களே கட்டபெட்டு பேங்க்க மூட உடமாட்டேன்னு சொன்னீங்க?”

மாமா அவசரமாக பஸ்ஸில் ஏறிவிட்டாராம். மறுநாளிலிருந்து மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோய் ஏறினார். என்னால் அப்படி விலகி நடக்கவும் முடியாது. கவுண்டரில் உட்கார்ந்தாக வேண்டும். நோட்டை எண்ணித் தருகிறபோது, “பேங்க் போயிருமா கண்ணு? உங்க மாமனாரு என்ன சொல்றாரு?” என்று கேட்பார்கள். இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று எங்களுக்கு மேலிடத்து உத்தரவு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துவைப்பேன். அவமானமாக இருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “என்கிறார்னு நீங்க சொன்னத எல்லாருக்கும் எடுத்துச் சொல்லலாமுங்களே மாமா?”

மாமா மஃப்ளரை மடித்துக்கொண்டே சொன்னார். “சொன்னா, மொதத் தடவை ஏன் அத சொல்லலைன்னு கேப்பாங்க அம்மிணி. என்னன்னு சொல்றது? அவுரு பேச்சுன்னா அவரோட போயிரும். கட்டபெட்டுன்னு சேத்தது நானு.”

வருஷக் கடைசியில் எங்கள் கிளையைக் கோத்தகிரியோடு சேர்த்தார்கள். என்னையும் அங்கேயே மாற்றினார்கள். கடைசி நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது மாமா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“கதவு சாத்தியாச்சா?”

“சாத்தியாச்சுங்க மாமா.”

அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. கடைக்கும் போகவில்லை. ஜன்னலைக்கூடப் பாதிதான் திறப்பார். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி வந்து, ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்று அடம்பிடித்து, போய்ச் சேர்ந்தார். மூடிய கிளையில் இப்போது மொபைல் கடை நடக்கிறது. எஸ்டேட் பெண்களைக் கோத்தகிரி வரிசையில் பார்க்கிறேன். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். மாமாவைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை.

அத்தைதான் எப்போதாவது, “அந்த போனக் கொஞ்சம் போடு கண்ணு, அவுரு பேசறதக் கேக்கோணும்” என்பார். போடுவேன். “அவற்றை மூட விடுங்கள்” என்று மாமாவின் குரல் சொல்லி நிற்கும். அந்த இடத்தில் அத்தை, திரையைப் பார்த்தபடி, தானாகவே “என்கிறார்” என்று சேர்த்துச் சொல்வார்.

“கதவு மூடாது!” என்ற முதல் பாதிக்கு அத்தை அந்தச் சொல்லைச் சேர்ப்பதில்லை.