பூட்டின் மேல் குளவிக் கூடு

மெர்சியைப் பற்றி எழுதுவதானால் முதலில் எங்கள் பேராசிரியரைப் பற்றிச் சொல்லித் தொலைக்க வேண்டும். கோவையில் நான் தட்டச்சராக இருந்த பல்கலைக்கழகத் துறைக்கு அவர்தான் தலைவர். பெயர் கோவிந்தராஜுலு. கிராமங்களில் கல்வியும் மருத்துவமும் முன்னேற வழி காண்பது அவருடைய ஆராய்ச்சி. பள்ளிக்கூடத்துக்குள் போனால் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொள்வார். நோயாளி பக்கத்தில் வந்தால் இரண்டடி பின்னால் நகர்வார். இந்த மனிதர்தான் 1996 ஆகஸ்டில் அறுபத்து நான்கு கேள்விகளை அச்சடித்து எடுத்துக்கொண்டு, கருமத்தம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு ஜீப்பில் கிளம்பினார்.

மெர்சி அந்தச் சிற்றூர்களில் ஒன்றைச் சேர்ந்தவள். அப்பா பிரான்சிஸ் விவசாயக் காட்டுவேலையை விட்டுவிட்டு விசைத்தறிக்குப் போனவர். பன்னிரண்டாவது முடித்த மெர்சி, வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலைக்கு எங்களிடம் வந்தாள். அதில் அவளுக்கு ஒரு காரியம் இருந்தது. முந்தின வருஷம் அண்ணன் மனைவி பொற்கொடிக்கு வலி எடுத்தபோது ஊர்த் துணை சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. காருக்கு அலைந்து கோவைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. இப்போது பொற்கொடி மறுபடி ஐந்து மாதம். நர்ஸ் வருவதில்லை என்று இந்த அறிக்கை சொன்னால் பிரசவத்துக்குள் அரசாங்கம் ஒருவரை அனுப்பிவிடும் என்று மெர்சி நம்பினாள். எங்கள் துறையை நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

முதல் நாளே கூத்து. எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்ல மாட்டார்கள். உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, வந்தவர் முகம் கோணாமல் பதில் சொல்லி அனுப்புவார்கள். அதிலும் அங்கே இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி யாரோ ஒருவரிடம் கோள் சொல்வார்களா? இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பேராசிரியருக்கு இது தெரியாதா என்றால், தெரிந்துதான் இருந்தது. பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கி மறந்திருந்தார்.

"நர்ஸ் ஒழுங்கா வர்றாங்களா?" என்று மயிலாத்தாள் என்ற பெரியம்மாளிடம் கேட்டார்.

"வாராங்க சார். அவங்களும் பாவம், எத்தன ஊரு பாக்கோணும்."

"ஏதாச்சும் குறை?"

"குறையொண்ணும் இல்லீங்க. நீங்க மோரு குடிங்க."

மோரைக் குடித்தார். 'நிறைவு' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். இப்படியே நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்; பத்து வீட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் அதே டிக்.

பிறகு மெர்சி அதே வீடுகளுக்குத் தனியாகப் போனாள். நர்ஸ் வருகிறாரா என்று அவள் கேட்கவே இல்லை. "ஏனுங்க பெரியம்மா, நர்சம்மாவக் கடைசியா நீங்க பாத்தன்னிக்கு மழையா, வெயிலா?" என்று மயிலாத்தாளிடம் கேட்டாள்.

"அதெங்க கண்ணு நாவகம் இருக்குது? போன வருசம் மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் நட்டன்னிக்குப் பாத்தது" என்றாள் அவள்.

இது கோள் இல்லை, வெறும் பேச்சு. அதனால் எல்லோரும் தாராளமாகப் பேசினார்கள். தொண்ணூற்றேழு வீட்டார் ஒரு வருஷமாக நர்ஸைக் கண்ணால் பார்க்கவில்லை. மெர்சி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து பேராசிரியர் மேசையில் வைத்தாள்.

அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "மழையா வெயிலான்னு கேக்கறதுக்கு வானிலை ஆபீசுக்குப் போம்மா. இது ஆராய்ச்சி" என்று சொல்லி நோட்டை ஜன்னலோரம் வீசினார். தொண்ணூற்றொரு சதவீதம் நிறைவு என்று அறிக்கை எழுதினார். அதை ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான். அவர்மேல் இருக்கும் வெறுப்பில் கொஞ்சத்தை எனக்காகவும் எடுத்து வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் அறிக்கையை வெளியிட்டார்கள். வெறும் அறிக்கைக்குக் கூட்டம் வராது என்று வளாகத்தில் ஓவியக் கண்காட்சியும் வைத்தார்கள். பேராசிரியரின் மகள் ஹர்ஷிணி நுண்கலை மாணவி. அப்பாவின் ஜீப்பிலேயே வந்து படம் வரைந்தவள். ஊரெல்லாம் விசைத்தறி ஓட, உரலும் உலக்கையும் வரைந்திருந்தாள். முதல் பரிசு அவளுடைய பெரிய ஓவியத்துக்கு. வெளிறிய பச்சைக் கதவு, துருப்பிடித்த பூட்டு, பூட்டின் மேல் மண்ணால் ஒரு குளவிக் கூடு. கதவுக்கு மேலே இருந்த சுகாதார நிலையப் பலகையை, அழகைக் கெடுக்கிறதென்று விட்டுவிட்டாள். தலைப்பு 'மௌனம்'. படித்தவர்கள் அதன் முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து உருகினார்கள்.

சிறப்பு விருந்தினராக வந்த சுகாதாரத் துறை அதிகாரியும் கையில் எங்கள் அறிக்கையோடு அங்கே நின்றார். டீத் தட்டு ஏந்த மெர்சியை வரச் சொல்லியிருந்தார்கள். அவள் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஹர்ஷிணியிடம் போனாள்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி. எத்தன தடவ வந்து வரைஞ்சீங்க?"

ஹர்ஷிணி பூரித்துப்போனாள். "மூணு மாசம்! எல்லாப் புதன்கிழமையும், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். மொதல்ல பூட்டு மட்டும்தான் இருந்துச்சு. குளவி கூடு கட்டி முடிக்கற வரைக்கும் பொறுமையா காத்திருந்தேன்."

"பூட்டை யாரும் வந்து தொடலீங்களா?"

"யாருமே வரலை! அதுதானே அழகு."

அதிகாரி திரும்பினார். "இது எந்த வீட்டுக் கதவும்மா?"

"எங்கூரு ஊசி போடற ஊடுங்க சார்" என்றாள் மெர்சி. "புதன்கிழமைதானுங்க தடுப்பூசி நாளு."

குரலை உயர்த்தவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. "கலையை அப்படிப் பாக்கக் கூடாதுங்க சார்" என்று பேராசிரியர் இளித்தார். அதிகாரி ஊர்ப் பெயரைக் கேட்டு அறிக்கையின் பின்னட்டையில் குறித்துக்கொண்டார். அந்த அறிக்கை பயன்பட்டது அந்த ஓரிடத்தில்தான்.

மறுநாள் மெர்சியை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். பன்னிரண்டாம் நாள் ஊருக்குப் புது நர்ஸ் வந்தார். சாவி நுழையாமல் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனாராம். அதற்கடுத்த வாரம் பொற்கொடிக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்தது.

அடுத்த வருஷம் பேராசிரியர் அதே அறுபத்து நான்கு கேள்விகளோடு மறுபடி கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். பொற்கொடி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நர்ஸ் ஒழுங்கா வர்றாங்களா?"

"வாராங்க சார்."

"ஏதாச்சும் குறை?"

"குறையொண்ணும் இல்லீங்க."

'நிறைவு' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். போன வருஷமும் அதே பதில், அதே கட்டம், அதே டிக். இந்த முறை அது உண்மை என்பது அவருக்குத் தெரியாது. உள்ளேயிருந்து மெர்சி மோர் கொண்டு வந்து நீட்டினாள். கொடுத்தது யாரென்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவர் அதை வாங்கிக் குடித்தார்.