பச்சை அய்யாவும் சாம்பல் கடலும்

கருப்பு வெள்ளைப் படம் அச்சடிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் இரண்டே வகை: இதுவரை அச்சடித்துப் பார்க்காதவர்கள், என் கடைக்கு வருகிறவர்கள். பிரிண்டர் வாங்கிய முதல் வாரம் வரை நானும் முதல் வகையில்தான் இருந்தேன்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் இருக்கிறது என் கடை. அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோவை மூடியதும் கையிலிருந்ததைப் போட்டு, புகைப்படக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு பெரிய இங்க்ஜெட் மெஷினை வாங்கினேன். வீட்டில் பிரிண்டர் வைத்து அல்லல்படுகிற அன்பர்களே, சிவப்பு விளக்கு மின்னும்போதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று நினைத்துக் கலங்க வேண்டாம். இங்கே ஒரு அக்காவும் அதே விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பச்சை அய்யா

சாத்தான்குளத்திலிருந்து முத்துராஜ் என்பவர் வந்தார். அவருடைய அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவு நாளுக்குப் பெரிதாக ஒரு படம் வேண்டும், பழைய கருப்பு வெள்ளைப் படத்திலிருந்து. ஸ்கேன் செய்து, கீறல்களைச் சரிசெய்து, அச்சடித்துக் கொடுத்தேன். டியூப் லைட் வெளிச்சத்தில் படம் அப்படியே கண்ணை நிறைத்தது. முத்துராஜ் கண்கலங்கி, அண்ணனுக்குப் போனில் படம் பிடித்து அனுப்பலாம் என்று அதைத் தெருவுக்குக் கொண்டுபோனார். வெயிலில் அவருடைய அப்பா பச்சையாகிவிட்டார்.

கடைக்குள் கொண்டுவந்தால் சாம்பல், வெளியே போனால் பச்சை. நாங்கள் இருவரும் நான்கு தடவை உள்ளேயும் வெளியேயும் நடந்ததை எதிர் டீக்கடையே வேடிக்கை பார்த்தது. கருப்போடு நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் கலந்துதான் பிரிண்டர் சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறது என்பதும், வெளிச்சம் மாறினால் அந்தக் கலவை காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. மெஷினிலேயே தனியாகச் சாம்பல் மைக் குப்பிகள் இருந்தும் அவற்றைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கி, அதைக் கற்றுக்கொண்டு, புதிதாக ஒன்று அச்சடித்தேன். முத்துராஜ் அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இப்பச் சரியா இருக்குக்கா. எங்க அய்யா ஒருநாளும் பச்சையா இருந்ததில்ல. கோவம் வந்தா செவப்பாவாரு, அம்புட்டுதான்."

படகில் போன சிரிப்பு

சூசை அண்ணன் விசைப்படகு வைத்திருக்கிறார். அவர் மகள் வெளியூரில் நர்சிங் படிக்கப் போயிருந்தாள். படகு ஓட்டும் அறையில் அவள் படத்தை ஒட்டிவைக்க வேண்டும், கலர் என்றால் வெயிலில் வெளுத்துவிடும், அதனால் கருப்பு வெள்ளையில் போடு என்றார். அவசரம் என்றதால் பக்கத்திலிருந்த சின்ன பிரிண்டரில், பளபளப்புத் தாளில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அலைத் தண்ணீர் தெறித்து, படத்தில் மகளின் பாதி முகம் கரைந்து வழிந்திருந்தது. அவர் மனைவி அதைப் பார்த்துப் பயந்துபோய், மகளுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அன்றைக்கே ஹாஸ்டலுக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார். அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள், நன்றாகவே எழுதியிருக்கிறாள்.

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அந்தச் சின்ன பிரிண்டரில் இருந்தது சாய மை. அது தண்ணீர் பட்டால் ஓடும். பெரிய மெஷினில் இருப்பது நிறமி மை, துகளாகத் தாளில் ஒட்டிக் காய்ந்துவிடும். அதில் புதுப் படம் எடுத்து, ஒரு நாள் காயவைத்து, சூசை அண்ணனையும் அவர் மனைவியையும் வரச்சொன்னேன். அவர்களை வைத்துக்கொண்டே ஒரு வாளி கடல் தண்ணீரில் படத்தை முக்கி, கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்துக் காட்டினேன். மகள் சிரித்துக்கொண்டே மேலே வந்தாள். அவள் அம்மா முந்தானையால் ஒற்றி எடுத்துப் பார்த்தார். முந்தானையில் கறை இல்லை. அப்புறம் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏங்க, எனக்கும் இதுல ஒண்ணு எடுத்துக் குடுங்க. நான் அழுதாலும் அழியாதுல்லா."

உம்மாவின் கை

காயல்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்தார். வளைகுடாவில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். அவருடைய உம்மா படம் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்காதவர். ஹஜ் பயணத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்றுதான் இருந்தது. இந்த முறை மகன் கெஞ்சிக் கேட்டதில், வீட்டிலேயே மருமகள் எடுத்த ஒரு படத்தை அச்சடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு நிபந்தனை: கடையில் ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது. அதனால்தான் விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தார்.

மூன்று தாளில் சின்னதாக மாதிரி எடுத்தேன். பளபளப்பு, பட்டுப்போல மினுங்குவது, மினுங்காத பருத்தித் தாள். எது என்று மகனால் சொல்ல முடியவில்லை. மறுநாள் உம்மாவே காரில் வந்து இறங்கிவிட்டார். படங்களை உடனே பார்க்கவில்லை. முதலில் மூன்று தாள்களின் ஓரத்தையும் விரலால் தடவினார், ஜவுளிக்கடையில் துணி பார்க்கிற மாதிரி. பளபளப்பில் முகம் வழவழவென்று இளமையாகத் தெரிந்தது. மகன் அதைக் காட்டி, "உம்மா, இதுல பத்து வயசு கொறஞ்சு தெரியுறிய" என்றார். உம்மா அதை ஒதுக்கிவிட்டு, கன்னத்துச் சுருக்கமெல்லாம் மென்மையாகத் தெரிந்த பருத்தித் தாளை எடுத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்:

"நீ அங்கன இருந்த பதினாறு வருசமும் இந்த மொகத்துலதான் இருக்கு, வாப்பா. அதக் கொறச்சிராத."

கண்ணாடிக்குள் மூச்சு

ஏரல் பக்கத்து நெல்வயல் கிராமத்திலிருந்து பேச்சியம்மாள் வந்தபோது அவர் கணவர் இறந்து மூன்று மாதம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றதால், மெஷினிலிருந்து வந்த கணவர் படத்தைச் சூட்டோடு சூடாகப் பக்கத்து பிரேம் கடைக்கு அனுப்பினேன். அரை மணியில் கண்ணாடி போட்டு, பொதிந்து கையில் கொடுத்தாகிவிட்டது.

ஒரு வாரத்தில் அதே பொதியோடு திரும்பி வந்தார். கண்ணாடிக்கு உள்பக்கம், படத்தில் கருப்பாக இருக்கிற இடங்களுக்கு நேராக, மெல்லிய பனி படிந்திருந்தது. தப்பு என்னுடையது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் மைக்குள் ஈரம் நின்றிருக்கும், மேலே வெள்ளைத் தாளைப் பரப்பி ஒரு நாளாவது ஆறவிட்டுத்தான் கண்ணாடி போட வேண்டும். மன்னிப்புக் கேட்டு, பிரேமைக் கழற்ற ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சண்டைக்கு வரவில்லை. ஹாஸ்டலில் இருக்கிற மகளுக்காக இன்னொரு பிரதி எடுக்க வந்திருந்தார்.

"இத தொடைக்காதிய. இவரு மூச்சு விடுதாருன்னு நான் வச்சுக்கிடுதேன். அவளுக்கு எடுக்கதுல மட்டும் மூச்சு வேண்டாம், பிள்ள பயந்துரும்."

எட்டுப் பாகம் ஆழம்

பிரிசில்லா சங்கு குளிப்பவர்களை இரண்டு வருஷமாகப் படம் எடுத்தவள். அவளும் எட்டுப் பாகம், அதாவது கிட்டத்தட்ட ஐம்பது அடி ஆழம், தண்ணீருக்குள் இறங்கி எடுத்தாள். இருபது படங்களை ஒரு மண்டபத்தில் கண்காட்சியாக வைக்கப்போவதாகவும், எல்லாவற்றையும் நானே அச்சடிக்க வேண்டும் என்றும் சொன்னாள். அவளுக்கு அது முதல் கண்காட்சி. எனக்கோ, இதுவும் சொதப்பினால் மெஷினை விற்றுவிட்டு வேறு வேலை தேடுவது என்று முடிவெடுத்திருந்த நேரம்.

மினுங்காத பருத்தித் தாள் என்று முடிவு செய்தோம். முதல் படத்தில் கடல் சாம்பலாக வெளிறிக் கிடந்தது. பளபளப்புத் தாளுக்கான கருப்பு மை ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். அந்தப் படத்தைக் குப்பைக்கு ஒதுக்கிவிட்டு, மினுங்காத தாளுக்கான கருப்புக்கு மாற்றினேன். கடல் வெல்வெட் மாதிரி கருகருவென்று வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். படத்தைக் காட்டுவதற்காக, அதில் இருந்த சங்கு குளிப்பவர் அந்தோணிராஜைக் கூட்டிவந்தாள் பிரிசில்லா.

அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "இது எந்தக் கடல்?" என்று கேட்டார். "எட்டுப் பாகத்துல இப்படி இருட்டிக் கெடந்தா நான் சங்க எப்படிப் பாப்பேன்?" பிறகு குப்பைக் குவியலிலிருந்து நான் ஒதுக்கிய சாம்பல் படத்தை உருவினார். "கடலு இதுல இருக்கு. ஆனா ஆளு இல்ல. கிட்ட இருக்கவன் கருப்பாத் தெரியணும், தள்ளி இருக்கவன் மங்கணும்." அடுத்த இரண்டு நாளும் அவர் சொன்னபடியே கருப்பு மையை ஆளுக்கு வைத்து, கடலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கவிட்டோம். பதினோராவது மாதிரியில் தலையை ஆட்டினார்.

கண்காட்சிக்குச் சங்கு குளிப்பவர்களின் குடும்பங்கள் வந்தன. தங்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பிள்ளைகளிடம் காட்டினார்கள் ஆண்கள். அந்தோணிராஜின் மனைவி மட்டும் ஒரே படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். கணவர் தினமும் இறங்குகிற இடத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"இருவது வருசமா இவரு இருட்டுக்குள்ள போறாருன்னுதான் நெனச்சு செபம் சொன்னேன். அங்கன இம்புட்டு வெளிச்சம் இருக்கா!"

கருப்பு வெள்ளைக்கு எந்தத் தாள் நல்லது, எந்த மை நல்லது என்று யாராவது போனில் கேட்டால், எனக்குத் தெரியாது, படத்தில் இருக்கிறவரையோ அவர் வீட்டுக்காரர்களையோ கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.