மூன்று மணிக் கல்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மலாக்கா பாச்சாங்கில் என் தோழியின் வீட்டில் நடந்தது இது. நான் பக்கத்து ஊரான பாயா ரும்புட்டில் ஒரு டியூஷன் சென்டரில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் அங்கேயே கணிதம் எடுப்பவர். வயதில் மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டு மாதமாக அவருடைய மாடி வீட்டு வாசலில் கல் விழுந்துகொண்டிருந்தது. தினமும் மதியம் மூன்று மணிவாக்கில், ஒரே ஒரு வெள்ளைக் கூழாங்கல். கார் மேல் 'டொக்' என்று சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் தெருவில் ஈ காக்கை இருக்காது. கேட்டில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள், பூஜை போட்டார்கள். வாசலுக்கு மேலே கேமராவும் மாட்டினார்கள். அதில் கல் தெரிந்ததே தவிர, ஆள் தெரியவில்லை. வீடு சரியில்லை என்று அக்காவின் கணவர் முடிவு கட்டிவிட்டார். லிஃப்ட் இல்லாத ஒரு ஃபிளாட்டுக்கு மாற ஏற்பாடாகியிருந்தது. பக்கவாதத்தில் படுத்திருந்த அக்காவின் மாமனாரை அங்கே ஏற்றி இறக்க முடியாது. முதியோர் இல்லத்தில் விடுவதாகப் பேசிவிட்டார்கள். நான் போன நாளுக்கு மறுநாள் காலை அவரை அழைத்துப்போக வேன் வருவதாக இருந்தது.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "பேய் எறிஞ்சாலும் கணக்குப்படிதான்லா விழணும்" என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

கேமரா படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். பக்கவாட்டு வேலியின் குறுக்குக் கம்பிகளை அளந்துகொண்டால், கல் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்கலாம். அந்த வேகம் கிடைத்தால், எந்த உயரத்திலிருந்து புறப்பட்டது என்பதும் கிடைத்துவிடும். மாணவர்களுக்குத் தினமும் போடுகிற கணக்குதான்.

முதலில் கண்ணில் பட்டது திசை. கல் தெருவிலிருந்து வரவில்லை. வீட்டிலிருந்து தெருவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நாள் படத்தையும் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதேதான். உயரம் நாலரை மீட்டர் என்று வந்தது. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். கேமராவுக்கு நேர் மேலே மாடி முன்னறை ஜன்னல் திறந்திருந்தது.

"அது மாமா ரூம்லா," என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு வருஷமா அவருக்கு நெனவே இல்ல. வெரலக்கூட அசைக்க மாட்டாரு."

அப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கல் விழுந்தது.

மாடிப்படி ஏறும்போது, வீட்டில் எங்கள் இருவரையும் மாமாவையும் தவிர யாரும் இல்லை என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். கதவைத் திறக்க அக்காவுக்குக் கை வரவில்லை. நான்தான் தள்ளினேன்.

கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. மேற்கு வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்து, நெற்றியெல்லாம் வேர்வை. ஜன்னல் விளிம்பில் செடி காய்ந்துபோன ஒரு கண்ணாடிக் கிண்ணம். அடியில் நாலைந்து வெள்ளைக் கற்கள். உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது. கண்கள் மட்டும் எங்கள் பக்கம் திரும்பின.

"மாமா... நீங்களா?" என்றார் அக்கா.

அவருடைய இடது கை மட்டும் மெல்ல எழுந்தது. என் மேல்தான் எறியப்போகிறார் என்று பயந்து பின்வாங்கினேன். அந்தக் கை போய், வெயில் படாமல் அவர் கண்களை மறைத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

அக்கா திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுக் கதவைச் சாத்தினால், மாலையில்தான் திறப்பார்களாம். அந்தக் கட்டிலுக்கு மூன்று மணிக்கு வெயில் வரும் என்பது வீட்டில் யாருக்குமே தெரியாது. இடது கைக்கு மட்டும் எப்போதோ உயிர் திரும்பியிருக்கிறது; வாய் பேச முடியாதவர், ஆளைக் கூப்பிடத்தான் தினமும் ஒரு கல்லை எறிந்திருக்கிறார். வேன் வரவேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். ஃபிளாட்டும் வேண்டாமென்றாகி, கட்டில் கீழே ஹாலுக்கு வந்தது. கல் விழுவதும் நின்றது.

எனக்குத்தான் வெட்கம் போகவில்லை. அந்த வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருப்பேன்! ஒருநாளாவது மாடியேறி அவர் முகத்தைப் பார்த்ததில்லை. 'ஒரு கல் எறியப்படுகிறது' என்றுதான் எங்கள் கணக்குகள் தொடங்கும். யார் எறிந்தார், எதற்காக எறிந்தார் என்று அதில் கேள்வியே வராது. இன்றும் வகுப்பில் பலகையில் அந்த வரியை எழுதும்போது, வெயிலுக்கு மறைத்த அந்தக் கை கண்முன் வந்து, அடுத்த வரிக்குப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.