கருமாதி வரை கிடந்த புல்லுக்கட்டு

எங்கள் காணியில் நிற்கும் மரங்களைவிட அங்கே முளைக்கும் புல்லைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்து ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் வேலி வரும். என் கணவர் தோட்டத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் டவுனில் வீடு கட்டுவார்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இவர் மரம் அடர்ந்த ஒரு சரிவை வாங்கினார். நான் அப்போது பண்டாரவளையில் தையல் கடை வைத்திருந்தேன். இந்தக் காட்டை வைத்துக்கொண்டு ஊறுகாயா போடப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள ஊத்து இருக்கு, வந்து பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஒரு பெரிய மருதமரத்தின் வேருக்கடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. சுற்றிலும் நாவல், பலா, பெயர் தெரியாத காட்டு மரங்கள். உச்சி வெயிலிலும் அந்த இடம் இருட்டாக, ஈரமாக இருந்தது. அந்தத் தண்ணீர்தான் ஒரு குழாயில் எங்கள் வீட்டுக்கு வந்தது, இன்னொரு குழாயில் கீழே இறங்கி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் பொதுப் பீலியில் விழுந்தது. அந்த லயத்தில் இருந்த அத்தனை குடும்பங்களும் குடிக்க, குளிக்க, மாட்டுக்குக் காட்ட அந்தப் பீலியைத்தான் நம்பியிருந்தன. அதற்குப் பிறகு நான் ஊறுகாய் பற்றிப் பேசவில்லை.

புல் எங்களுக்கு மேலே இருந்து வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம் கைவிட்ட தேயிலை மலை. கொழுந்து பறிக்க ஆளில்லாமல் போட்டது போட்டபடி கிடந்தது. தேயிலைச் செடிக்கு மேலே ஆள் உயரத்துக்குக் கினிப்புல். மாட்டுக்கென்று யாரோ ஒரு காலத்தில் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டது, இப்போது யாருக்கும் அடங்குவதில்லை. வெட்டினால் முளைக்கும், எரித்தால் இன்னும் செழித்து முளைக்கும். அது பயப்படுவது நிழலுக்கு மட்டும்தான். மரங்கள் நெருக்கமாக நின்றால் உள்ளே வராது. ஒரு மரம் விழுந்து வெயில் ஒரு துண்டு இறங்கினால் போதும், அடுத்த மழைக்கு அங்கே குடியேறிவிடும்.

ஆரம்பத்தில் நாங்களே அதற்கு வழிகாட்டி விட்டோம். மாட்டுக்குப் புல் வேண்டும் என்று லயத்து ஆட்கள் கேட்டால், தாராளமாக அறுத்துக்கொள்ளுங்கள் என்பார் இவர். அவர்களும் பூத்து நிற்கும் புல்லை அறுத்து, காட்டுக்கு நடுவே இருந்த குறுக்கு வழியில் தலையில் சுமந்து போனார்கள். போன வழியெல்லாம் விதை. அடுத்த வருஷம் அந்த ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் புல் வரிசையாக நின்றது. இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாதிரியாருக்குக்கூட இவ்வளவு மரியாதையாக வழி விட்டிருக்க மாட்டீர்கள் என்று நான் சொன்னது அவருக்குச் சிரிப்பாக இல்லை.

அதற்குப் பிறகுதான் புல் வெட்ட ஒரு மனிதரை வேலைக்குச் சேர்த்தோம். கீழ் லயத்தில் இருந்தவர், எங்கள் வயதை எட்டாதவர். காலையில் தோட்டத்து வேலை, பின்னேரம் எங்கள் காணி. வீட்டில் ஒரு பசு. மனைவி அந்தப் பாலை ரோட்டோரக் கடைக்கு ஊற்றித்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி, சப்பாத்து வாங்குவார். புல் பூக்கும் முன் அறுக்க வேண்டும், காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, தூரை முள்ளால் குத்திக் கிளப்பி வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போட வேண்டும். தேயிலைக்கு மண் கிளறுகிற அதே இரும்பு முள்ளுதான். இதையெல்லாம் இவர் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே செய்வார்.

"ஐயா இந்தப் புல்லு அழியணும்னு ஜெபம் பண்றாரு. நான் அழியக் கூடாதுன்னு மாரியாத்தாவுக்கு நேந்திருக்கேன். யாரு சாமி கேக்குதுன்னு பாப்போம்மா" என்பார் என்னிடம்.

ஒவ்வொரு வருஷமும் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்குவதற்கு முன் மேல் வேலியோரம் ஒரு பெல்ட் வெட்டுவோம். புல்லை வேரோடு எடுத்து, மண் தெரிகிற மாதிரி அகலமாக ஒரு பட்டை. மேலே கைவிட்ட மலையில் தீப்பிடித்தால், அந்த வெறும் மண்ணுக்கு வந்து நெருப்பு நின்றுவிடும். கச்சான் காலத்தில் ஊவா மலைகளில் எங்கேயாவது எரியாத நாள் குறைவு. யாராவது இளம்புல் வேண்டுமென்று தீ வைப்பார்கள், யாராவது பீடியைப் போடுவார்கள். எங்கள் பெல்ட் ஒரு வருஷமும் பொய்த்ததில்லை.

அந்த வருஷம் காற்று முந்திக்கொண்டது. அவர் அவசரமாக வெட்டி முடித்தார். முற்றிய தட்டைகளை மட்டும் கட்டுக்கட்டாகக் கட்டி, பெல்ட்டின் குறுக்கே காயப் போட்டிருந்தார். மாட்டுப்பட்டிக்குக் கூரை வேயவும் பசுவுக்குக் கீழே விரிக்கவும் வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து தூக்கிக்கொண்டு போவதாகப் பேச்சு. கட்டிய கட்டை வேறு யாரும் தொட மாட்டார்கள் என்பது இந்த மலைகளில் எல்லோருக்கும் தெரியும். புல்லைத் திரித்து முடிச்சுப் போட்டுவிட்டால் அது நடு ரோட்டில் கிடந்தாலும் முடிச்சுப் போட்டவருடையதுதான்.

ஞாயிறு வருவதற்கு முன் அவர் செத்துப்போனார். காலையில் கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்திருக்கிறது. பெண்கள் கீழே ஓடிவிட்டார்கள். அவர் விழுந்த ஒருத்தியைத் தூக்கப் போய், தானே அகப்பட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் லொறியிலேயே முடிந்துவிட்டது. முகம் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அடக்கம் முடிந்ததும் இவர் பெல்ட்டைப் பார்த்துவிட்டு வந்தார். காற்று அடிக்கிற அடிக்கு அந்தக் கட்டுகள் அங்கே கிடப்பது நல்லதில்லை, எடுத்து லயத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்று நாங்கள் இரண்டு பேரும் கீழே போனோம். அவருடைய மனைவி, அந்தப் பெண், லயத்துக் காம்பரா அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தார். இவர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

அவர் தலையை நிமிர்த்தி, "வேணாங்கய்யா. அவரு கையால கட்டுன கடைசிக் கட்டு. கருமாதி முடியாம அவுக்கக் கூடாதுங்க. தொடவும் கூடாது. பதினாறு முடியட்டும், நானே வந்து தூக்கிக்கிறேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

வீட்டுக்கு ஏறி வரும்போது சண்டை பிடித்தேன். "என்னங்க, கட்டை அவுக்கவா சொல்றோம்? அப்பிடியே தூக்கி ஓரமா வைக்கப் போறோம். அவ்வளவுதானே?"

"நாம வேதக்காரங்க. அவங்க சாங்கியத்துல நாம கை வைக்கிறது சரியில்ல. செத்த வீடு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு நடந்தா நம்மளாலதான்னு ஆயிடும்."

"தீ பிடிச்சா?"

"கர்த்தர் பாத்துப்பாரு" என்றார். தோட்டத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலம் முழுக்க எந்தச் சாவியையும் கர்த்தரிடம் கொடுக்காத மனிதர் அவர். அன்றைக்கு மட்டும் கொடுத்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனாலும் அவரை மீறி அந்தப் பெண்ணின் முகத்துக்கு எதிரே போய் அந்தக் கட்டைத் தூக்க என்னால் முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

கருமாதிக்கு இன்னும் நாட்கள் இருந்தன. ஒரு மத்தியானம் மேலே புகை எழுந்தது. நாங்கள் ஏறிப் போவதற்குள் கைவிட்ட மலை முழுக்கப் பற்றிக்கொண்டு சடசடவென்று இறங்கி வந்தது. பெல்ட்டுக்கு வந்ததும் நெருப்பு நின்றது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். வெறும் மண்ணைத் தொட்டதும் அப்படியே படுத்துப் புகைந்தது. கட்டுகள் கிடந்த இடத்தில் மட்டும் அது நிற்கவில்லை. முதல் கட்டு பற்றியது, பிறகு அடுத்தது. காற்று எரிகிற தட்டைகளைத் தூக்கிக் காட்டுக்குள் வீசியது. பாதையோரம் வரிசையாக நின்ற பழைய புல் அதை வாங்கி, நேராக ஊற்றுக்குக் கொண்டுபோனது.

லயமே திரண்டு வந்தது. ஈரச் சாக்காலும் பச்சைக் கொப்பாலும் அடித்தார்கள். துக்க வீட்டை விட்டு வெளியே வரக் கூடாத அந்தப் பெண்ணும் வந்தார். தலைமுடி கலைந்து, முகமெல்லாம் கரியாக, யார் கூப்பிட்டும் காதில் வாங்காமல் அடித்துக்கொண்டே இருந்தார். மருதமரத்தின் அடியில் வேர் சிவப்பாகக் கனன்றபோது பீலித் தண்ணீரைக் கேனில் சுமந்து வந்து ஊற்றினார். சாயங்காலம் நெருப்பு தானாகத் தணிந்தது. எரிய வேண்டியது எரிந்து முடிந்திருந்தது.

திரும்பிப் போகும்போது யாரோ ஒருவர், "அவரு கட்ட அவரே எடுத்துக்கிட்டாரு" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. "அவரு ஒண்ணும் எடுக்கல. காத்து எடுத்துச்சு. தூக்கி ஓரமா வச்சிருந்தா இது நடந்திருக்காது" என்று கத்தினேன். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. என் கணவர் மேல் அதைவிட அதிகமாக இருக்கிறது, அதை அவரும் அறிவார்.

மருதமரம் உடனே சாகவில்லை. ஒரு பக்கம் துளிர்த்து எங்களை ஏமாற்றிவிட்டு, பிறகு உச்சியிலிருந்து காய்ந்து வந்தது. நாவல் மரங்கள் எல்லாம் போய்விட்டன. ஐப்பசி மழைக்கு முதலில் தலை நீட்டியது கினிப்புல்தான். கறுத்த மண்ணில் அது மட்டும்தான் பச்சை. இவர் முள்ளை எடுத்துக்கொண்டு தினமும் போய் ஒவ்வொரு தூராகக் கிளப்பினார். ஒரு பக்கம் முடித்துத் திரும்பினால் மறுபக்கம் மறுபடியும் நின்றது. முதுகு பிடித்துக்கொண்டு கட்டிலில் விழுந்தவர், பிறகு காட்டுக்குப் போகவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் ஊற்று ஒரு நூல் அளவுக்கு இளைத்தது. எங்கள் குழாயைக் கழற்றி, முழுவதையும் லயத்துக்கு விட்டோம். அதுவும் போதவில்லை. பீலி நின்றது. பவுசர் லொறியில் தண்ணீர் வருகிற நாளுக்காக ரோட்டோரம் கேன்கள் வரிசையாக இருந்தன.

புல் மறுபடியும் ஆள் உயரம் வந்து, பூக்க இருந்தது. பூத்துக் காய்ந்தால் மிச்சம் இருக்கிற பலா மரங்களும் போய்விடும். வெட்ட ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு நான் கீழே போனேன். அந்தப் பெண் கேனை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"மேல புல்லு நல்லா வந்திருக்கு. எவ்வளவு வேணும்னாலும் அறுத்துக்குங்க. உங்க மாட்டுக்கு ஆகும்" என்றேன். பழைய கோபமெல்லாம் குரலில் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"மாட்ட வித்துட்டேம்மா" என்றார். "புல்லு இருந்து என்ன செய்ய? இந்தத் தண்ணிய புள்ளைகளுக்குக் குடுக்கவா, மாட்டுக்குக் காட்டவா?"

லயத்தில் வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. யார் வீட்டிலும் மாடு இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். மேலே ஏறி வந்தேன். புல் பூத்திருந்தது, கச்சான் காற்றுக்கு இன்னும் அதிக நாள் இல்லை.