யோனாவின் ஆமணக்கும் யூனுஸ் நபியின் சுரைக்கொடியும்

என் வீட்டுக்காரர் மரிய ஆல்பர்ட்டுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், தட்டை வீச மாட்டார். மஞ்சள் பையில் ஒரு வேட்டியையும் துண்டையும் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். எந்தப் பஸ் முதலில் வருகிறதோ அந்த ஊர். கத்துகிற புருஷனாக இருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கத்தி மனசை ஆற்றிக்கொள்ளலாம். பஸ் ஏறிப் போனவரிடம் என்னத்தைக் கத்துவது?

இது கல்யாணத்துக்குப் பிறகு வந்த பழக்கம் என்று யாரும் என்மேல் பழி போட வேண்டாம். சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. ஏலாக்குறிச்சியில் பிறந்தவர். பிள்ளை சாமியாராக வேண்டும் என்று குருமடத்தில் சேர்த்துவிட்டு என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்களாம். உடனே டிரங்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார். வீட்டுக்குப் போனால் அம்மா அழும் என்று எதிர்த்திசையில் போகிற பஸ்ஸில் ஏறினார். சேலத்தில் இறங்கி ஒரு விதைக் கம்பெனியில் மூட்டை தைக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சாமியாராக வேண்டியவர் விதை வியாபாரி ஆனது இப்படித்தான்.

எங்கள் கல்யாணத்தன்று வரதராஜன்பேட்டையில் பந்தி நடந்துகொண்டிருக்கிறது, மாப்பிள்ளையைக் காணோம். அவருடைய தாய்மாமனை முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று ரோசம். என் அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு தேடிப் போனால், ஆண்டிமடம் பஸ் ஸ்டாண்டில் கழுத்தில் மாலையோடு டீ குடித்துக்கொண்டு நின்றாராம். அந்த மாலையைப் பார்த்துத்தான் அடையாளமே கண்டுபிடித்தான். நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சேலத்துக் கம்பெனியில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் நத்தர்ஷா அண்ணன். பெரம்பலூர்க்காரர், லோடு பார்க்கிற வேலை. எதற்கும் சிரிப்பார். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதற்கும் சிரிப்பார். இருவரும் சேர்ந்து அரியலூரில் ஒரு விதைக்கடை போட்டார்கள். பலகையில் ஏதோ பெயர் இருக்கிறது. ஊருக்கு அது பாய்-சாமியார் கடை. அண்ணன் சம்சாரம் ஜொகரா எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி. அவள் வீட்டுச் சட்டியில் பாதி என் வீட்டில் இருக்கும், என் வீட்டுக் கரண்டியெல்லாம் அவள் வீட்டில் இருக்கும்.

இந்த வருஷம் அவர்கள் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்தன. பசியோடு இருக்கிற இரண்டு ஆம்பளைகள், வியாபாரம் மந்தமான மத்தியான நேரம். வம்பு வராமல் என்ன செய்யும்? அன்று காலைப் பூசையில் யோனாவின் கதையிலிருந்து வாசகம் வாசித்தார்கள். யோனா என்றால் என் வீட்டுக்காரருக்கு உருகும். ஒரு ஊருக்குப் போய் எச்சரிக்கை சொல்லு என்று கடவுள் அனுப்பினால் எதிர்த்திசைக் கப்பலில் ஏறின ஆள் அல்லவா, அதனால் சொந்தக்காரன் மாதிரி. கடைக்குப் போனதும் முழுக் கதையையும் பாய்க்குச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். நான் சாப்பாட்டுக் கூடையோடு போனபோது வாக்குவாதம் சூடாகியிருந்தது.

“எங்க யூனுஸ் நபியத்தான சொல்ற? எங்களுக்கும் தெரியும்ப்பா. கோவிச்சுக்கிட்டுப் போனாரு, கப்பல்ல ஏறினாரு, மீன் முழுங்கிடுச்சு. மீன் வயித்து இருட்டுல ‘தப்பு என் மேலதான்’னு அல்லாகிட்ட அழுது துஆ கேட்டாரு. கரைல கொண்டாந்து போட்டுச்சு. உடம்பெல்லாம் நொந்து கெடந்தவருக்கு அல்லா ஒரு சுரைக்கொடிய மொளைக்க வெச்சு நெழல் குடுத்தான். அப்புறம் எழுந்து போயி ஊர் ஜனத்தத் திருத்தினாரு. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான் இல்ல பாய்! பாதியில நிறுத்துறீங்க. ஊரு திருந்திடுச்சு, கடவுள் மன்னிச்சுட்டாரு. அதப் பாத்து யோனா மறுபடி கோவிச்சுக்கிட்டான். ஊருக்குக் கெழக்கால போயி உக்காந்துட்டான். அப்பதான் செடி மொளைச்சுது. அதுவும் சுரைக்கொடி இல்ல, ஆமணக்கு. மறுநாள் புழு அரிச்சு அது வாடிப்போச்சு. வெயில் மண்டையப் பொளக்குது. அதுக்கும் ஒரு கோவம்.”

“ஏம்ப்பா, ஒரு நபி ரெண்டு தடவை கோவிச்சுக்குவாரா? மீன் வயித்துலயே திருந்திட்டாருன்னு சொல்றேன்ல?”

“மனுசன் ஒரே தடவைல திருந்துவானா பாய்?”

இதைச் சொன்னவர் யார் என்று கவனியுங்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் விதைக்கடைக்காரர்கள் இல்லையா, நபி எத்தனை தடவை கோபப்பட்டார் என்பதை விட்டுவிட்டுச் செடியைப் பிடித்துக்கொண்டார்கள். கொடி தரையில் அல்லவா ஓடும், அது எப்படி நிழல் தரும் என்று இவர். அல்லா நினைத்தால் பந்தல் இல்லாமலே தரும், உன் ஆமணக்கில் இலைக்கு இலை ஓட்டை விழுந்து வெயில் வருமே என்று அவர். முந்திரிக்கு மருந்து வாங்க வந்த ஆண்டிமடம் பாலசுந்தரம், “முந்திரி மரமா இருந்திருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காதுங்க” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவரை முறைத்தார்கள்.

கோடை மழை விழுந்ததும் கடையின் பின்பக்கம் ஆளுக்கொரு விதை ஊன்றினார்கள். ஆடியில் எது நல்ல நிழல் தருகிறது என்று பார்த்துவிடுவோம் என்று பந்தயம். அண்ணனின் சுரைக்கொடி கொட்டகைத் தகரத்தின் மேல் ஏறிப் படர்ந்து குளுகுளுவென்று ஆகிவிட்டது. லோடு இறக்குகிறவர்கள் அதன் கீழேதான் சாப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அந்த நிழலில் உட்காரமாட்டேன் என்றார். தன் ஆமணக்கின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, இலை நிழல் நகர நகர ஸ்டூலை நகர்த்திக்கொண்டிருந்தார். மதியத்தில் அவர் தலைக்கு மட்டும் நிழல் இருக்கும், தோள் இரண்டும் வெந்துகொண்டிருக்கும். செடியோடு பேசவும் ஆரம்பித்தார். என்னிடம் அவ்வளவு பேசியிருந்தால் நான் எப்போதோ குளிர்ந்துபோயிருப்பேன்.

ஆடி பிறந்த சமயத்தில் ஆமணக்கில் புழு விழுந்தது. இலையெல்லாம் சல்லடை. கடை முழுக்கப் புழு மருந்து அடுக்கி வைத்திருக்கிற மனுஷன், ஒரு சொட்டு அடிக்கவில்லை.

“அடிக்க மாட்டேன். வேதத்துல புழு அரிச்சுதான் வாடிச்சு. அப்படியேதான் நடக்குது பாத்தியா? இப்ப என்ன சொல்றாரு பாய்?” என்றார் என்னிடம். பேச்சு வீராப்பாக இருந்தது. ராத்திரி சோறு மட்டும் இறங்கவில்லை.

மறுநாள் அவர் கடைக்குப் போனபோது புழுவெல்லாம் செத்து உதிர்ந்து கிடந்தது. நத்தர்ஷா அண்ணன் விடிகாலையிலேயே வந்து மருந்தடித்துவிட்டார்.

“என் வேதத்துல நீங்க எப்படிக் கை வெக்கலாம்?” என்று கேட்டாராம். அண்ணன் வழக்கம்போலச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் வினையாகிவிட்டது. இவர் ஒரு சாக்பீஸை எடுத்துக் கடை நடுவே கோடு போட்டார். “இந்தப் பக்கம் என்னோடது, அந்தப் பக்கம் உங்களோடது. கொத்தனாரக் கூப்பிட்டுச் சுவர் வெச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு மஞ்சள் பையோடு பஸ் ஏறிவிட்டார்.

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் தூக்குவது பழகின விஷயம், கோடு போடுவது புதுசு. சுவர் கடையோடு நிற்குமா? நாளைக்கு ஜொகரா வீட்டு வாசலை நான் எந்த முகத்தோடு மிதிப்பது? அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும், “அக்கா, நம்மளையும் பிரிச்சுடுவாங்களா?” என்று கேட்டாள்.

கடையில் இன்னொரு கூத்து. ஆடிப்பட்டம், விவசாயிகள் வந்து நிற்கிறார்கள். மக்காச்சோள விதையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிறது. அண்ணன் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார்.

“அது ஆல்பர்ட்டு பக்கம்மா. அவனே வந்து எடுத்துக் குடுக்கட்டும். ஒரு தடவை கேக்காம கை வெச்சுதான் இவ்வளவும். இன்னொரு தடவை வெக்க மாட்டேன்.”

“ஜனங்க வேற கடைக்குப் போறாங்கண்ணே!”

“போகட்டும்மா. அவன் போட்ட கோட்ட நான் தாண்டிட்டேன்னா அப்புறம் அவன் வரவே மாட்டான்.” சிரிக்கிற மனுஷர் அன்று சிரிக்கவில்லை.

“எதுக்குண்ணே மருந்தடிச்சீங்க?” என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே மனதில் முடிந்துகொண்டேன். ஜொகரா சுரைக்காய் போட்டுத் தால்ச்சாக் குழம்பு வைத்து, சோற்றோடு டிபன் கேரியரில் கட்டிக் கொடுத்தாள். ஆள் விக்கிரமங்கலத்தில் தன் தங்கச்சி ஆனி ரோஸ் வீட்டில் இருப்பதாகத் தகவல் வந்திருந்தது. யோனா ஊருக்குக் கிழக்கே போய் உட்கார்ந்தான் என்றுதானே கதை? விக்கிரமங்கலமும் எங்களுக்குக் கிழக்கேதான். வேதத்தை விட்டு ஒரு அடி விலக மாட்டார் என் வீட்டுக்காரர்.

போனால், மாட்டுக் கொட்டகைத் தகரத்தின் கீழே கயிற்றுக் கட்டிலில் அரியலூர் ரோட்டைப் பார்த்தபடி வேர்த்து வழிந்து உட்கார்ந்திருக்கிறார். “வூட்டுக்குள்ள ஃபேன் ஓடுது அண்ணி, வரமாட்டேங்குறாரு. தயவு பண்ணிக் கூட்டிட்டுப் போயிடுங்க. எங்க வூட்டு மாடே பயப்படுது” என்றாள் ஆனி ரோஸ்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“செடி எப்படி இருக்கு?”

“எந்தச் செடி?”

“நம்ம ஆமணக்குதான்.”

“பொழைச்சிடுச்சு. புதுக் குருத்து விட்டிருக்கு.”

முகம் அப்படியே மலர்ந்தது. மறு நிமிஷமே, தான் கோபமாக இருப்பது ஞாபகம் வந்து உம்மென்று ஆகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்கவா வேண்டும்!

“ஏங்க, யோனா கடைசித் தடவை எதுக்குக் கோவிச்சுக்கிட்டான்?”

“செடி வாடிப்போனதுக்கு.”

“பாத்துக்குங்க. அவனே செடி செத்ததுக்குத்தான் கோவிச்சுக்கிட்டான். செடி பொழைச்சதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் பஸ் ஏறின ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்!”

ஆனி ரோஸ் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இவர் சிரிக்கவில்லை. “அவரு ஏன் மருந்தடிச்சாரு? ஜெயிக்கிற பந்தயத்துல எதுக்கு என் செடியக் காப்பாத்தணும்?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“கேட்டேன். ‘அவன் கை ஸ்ப்ரேயர்கிட்டப் போகுது, வருது, போகுது, வருது. அடிக்கவும் முடியல, பாத்துக்கிட்டு நிக்கவும் முடியல. அவனால முடியாதத நான் செஞ்சேன்மா. செடியாவது பொழைக்கும், இவனும் ராத்திரி சோறு தின்னுவான்’னாரு.”

அவர் டிபன் கேரியரை இழுத்துத் திறந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றார். கடைசியில், “உப்பு கம்மி” என்றார்.

“அப்ப மிச்சத்த மாட்டுக்குப் போட்ரவா?”

“யாரு சொன்னா?” என்று கேரியரை மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினோம். கடை வாசலில் கூட்டம். நத்தர்ஷா அண்ணன் கோட்டுக்குத் தன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “வா ஆல்பர்ட்டு” என்றார், அவ்வளவுதான். இவர் கோட்டருகே போய் நின்றார். எங்கள் வேதத்தில், நீ ஒரு செடிக்கு இரங்கும்போது நான் ஒரு ஊருக்கு இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்கிறார், கேள்வியோடு கதை முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என் கேள்விகளுக்கும் அதே கதிதான்.

என் வீட்டுக்காரர் செருப்புக் காலால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தார். அத்தனை பேர் முன்னாலும், “பாய், தப்பு என் மேலதான்” என்றார்.

அது எங்கள் யோனா மீன் வயிற்றில் சொன்ன வார்த்தை இல்லை. அதே இருட்டில் யூனுஸ் நபி சொன்னது. பாயிடம் கேட்டு வைத்திருந்ததைப் பாயிடமே சொல்லிவிட்டார். அண்ணன் “சரி சரி, மரம் மாதிரி நின்னுக்கிட்டு இருக்காத. அவங்களுக்கு மக்காச்சோளம் எடுத்துக் குடு” என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் பின்பக்கம் போய், சுரைக்கொடியின் கீழே யாரும் பார்க்காமல் ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்ததும் அந்த மஞ்சள் பையிலிருந்த வேட்டியையும் துண்டையும் உதறிக் கொட்டிவிட்டு, நல்ல பிஞ்சாக இரண்டு சுரைக்காய் பறித்துப் போட்டுக்கொண்டேன். இனி அந்தப் பை காய்கறிக்குத்தான். கோபம் வந்தால் அவர் வேறு பை வாங்கட்டும்.