பின்தாளில் ஒரு மாமி

அந்த நாவலில் ஒரு பெண் உப்பைத் தேடுவாள்.

கலியாணமாகி வந்த முதல் விடியல். குசினியில் தனியே நிற்கிறாள். அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது. உப்புச் சிரட்டை எங்கே என்று தெரியவில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாதோ என்பார்கள். கேட்காமல் தேடினால், வந்தவுடனேயே கிண்டிக் கிளறுகிறாள் என்பார்கள். உப்பில்லாமல் இறக்கினால் என்ன சொல்வார்கள் என்று நினைக்கவே வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் வைத்து ஒன்பது பக்கம் எழுதியிருந்தார் அதன் ஆசிரியர். ஒன்பது பக்கத்தையும் நான் நின்றுகொண்டே வாசித்தேன். இருக்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்துவிடப் போகிறதே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. இருநூறு வருடத்துக்கு முந்திய கஞ்சி.

சரித்திர நாவல் என்றால் வாள் உறையிலிருந்து வெளியே வரும், குதிரைகள் பாயும் என்று நினைத்திருந்தேன். இதுவும் ஒல்லாந்தர் காலத்துக் கதைதான். இதிலும் குதிரைகள் வந்தன. ஆனால் அந்தக் குதிரைகளுக்குப் புல் அறுக்கத்தான் நெடுந்தீவில் அவளுடைய புருசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் சரித்திரம். மிச்சமெல்லாம் உவர்க் கிணறு, காற்று, மாமியார், மூன்று வருடம்.

நான் நாரந்தனையிலிருந்து புங்குடுதீவு இறுப்பிட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது இரண்டு வருடம். அவர் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. வீட்டில் நானும் மாமியும் ஒரு பசுவும். அந்த நாவலை ஒருவர் எனக்காகத்தான் எழுதியிருக்கிறார் என்று நம்புவதற்கு இவ்வளவும் போதும்.

புத்தகம் எங்கள் வாசிகசாலையுடையது. அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளைத் தாளைப் பசை பூசி ஒட்டி, மேலே 'வாசகர் அபிப்பிராயம்' என்று எழுதி, கீழே கோடு போட்டிருப்பார். பெயர் எழுதத் தேவையில்லை. பெயர் கேட்டால் பெண்கள் எழுதமாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. கணிப்புச் சரி. மற்றப் புத்தகங்களின் தாள்கள் வெறுமையாய்க் கிடக்க, இந்த நாவலின் தாள் ஒரே மாதத்தில் நிறைந்துவிட்டது.

"அருமை. அழுகை கொஞ்சம் கூட" என்று ஒருவர். "அழாமல் வேறை என்ன செய்யிறது?" என்று அதற்குக் கீழே இன்னொருவர். "ஒல்லாந்தர் காலத்தில் தகர வாளி ஏது? பனையோலைப் பட்டையால் அல்லவா தண்ணீர் அள்ளினார்கள்" என்று மையில், அழகான கையெழுத்தில், அது தபாலதிபரே. "முதற் பதினைந்து பக்கத்தையும் விட்டு வாசிக்கவும்." "விடவேண்டாம்." "புருசன்காரனுக்கு வாயில்லையோ?" இந்தக் கடைசிக் கேள்வியை மூன்று வேறு கைகள் அடிக்கோடிட்டிருந்தன.

நானும் எழுதினேன். பென்சிலால், என் எழுத்தென்று தெரியாதபடி சரித்து: "உப்புத் தேடும் அத்தியாயத்துக்காகவே இந்த நூலைக் கும்பிடலாம். அந்த மாமி கற்பனை அல்ல. இப்போதும் எங்கள் ஊரில் இருக்கிறார்."

எழுதியபோது எவ்வளவு சுகமாக இருந்தது! புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரம்போடு ஓட்டமும் நடையுமாக வந்தேன். இரண்டு வருடத்தில் அன்றுதான் முதன்முதலாக நான் ஒன்றைச் சொல்லியிருக்கிறேன் என்று பட்டது.

எங்கள் ஊரில் மாமி என்பது ஒருத்தியல்ல என்பதை மறந்துவிட்டேன். தகப்பனின் அக்கா மாமி. அம்மானின் பெண்சாதி மாமி. புருசனின் தாய் மாமி. அடுத்த வளவுக்காரி மாமி. தயிர் கொண்டுவருகிறவரும் மாமி. ஐம்பது வயது தாண்டிய பெண் எவரையும் நாங்கள் வேறு எப்படிக் கூப்பிடுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் தபாலதிபர் அந்த வரியை வாய்விட்டு வாசித்தாராம். மத்தியானச் சோற்றுக்கு முன்னமே ஊரில் ஆறு மாமிமார் அது தாங்கள்தான் என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

மற்ற ஐந்து பேரும் திட்டித் தீர்த்துவிட்டு அடங்கினார்கள். கிழக்கு வளவு மாமி அடங்கவில்லை. எனக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்தது அவருடைய மருமகள். கலியாணமாகி ஆறு மாதம். எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறவள். அவள் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அந்த வரி எல்லாருடைய கண்ணிலும் பட்டது. ஆகவே எழுதியது அவள்.

மறுநாள் காலை வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது.

"ஊருக்குப் படம் காட்டவோ உன்னை எடுத்தனான்? கட்டு பெட்டியை! வேலணைக்குக் கொம்மாவிட்டைப் போய் இருந்து எழுது. புத்தகம் புத்தகமா எழுது!"

"நான் எழுதேல்லை மாமி. சத்தியமா எனக்குத் தெரியாது."

"பின்னை ஆர், பேயோ எழுதினது?"

என் மாமி மாட்டுக் கொட்டிலில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வேலியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இஞ்சேரும், உம்மை ஏனப்பா அவள் எழுதப்போறாள்? நீர் என்ன மகாராணியோ?"

"உமக்கென்ன, உம்மட மருமகள் வாய் துறக்கிறேல்லை. எனக்கெல்லோ வந்து வாய்ச்சிருக்கு!"

வேலியில் ஆள் புகுந்து வரும் பொட்டுக்குள்ளால் அந்தப் பெண்ணின் தகரப் பெட்டி தெரிந்தது. மூடி திறந்தபடி முற்றத்தில் கிடந்தது. அதற்குள் கூறைச் சேலையை மடித்து வைக்கிறாள். பிறகு எடுக்கிறாள். பிறகு வேறு விதமாக மடித்து வைக்கிறாள். ஆறு மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்டவள் என்று வேலணையில் ஒரு பெயர் வந்தால் அது போகாது. அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். என்னுடைய ஒரு பென்சில் வரிக்காக அவள் பகல் பஸ்ஸில் ஏறப்போகிறாள்.

கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நாலு தரம் நடந்தேன். ஐந்தாம் தரம் கொட்டிலில் நின்றுவிட்டேன்.

"மாமி, அது நான் எழுதினது."

"எது?"

"புத்தகத்தில. அந்த மாமி எண்டு."

"ஆரைப் பற்றி?"

பசு தண்ணீரை உறிஞ்சும் சத்தம் முடியட்டும் என்று பார்த்தேன். நல்ல நீளமான சத்தம்.

"உங்களைத்தான்."

மாமி வாளியைச் சரித்துப் பிடித்தார். கடைசித் துளியையும் பசு குடித்து முடியும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான் உமக்கு உப்பை ஒளிச்சு வைச்சனானோ?"

"இல்லை மாமி."

"பின்னை?"

"முதல் நாள் நான் நெருப்புப்பெட்டி தேடினனான். கண் பிடரியிலயோ கிடக்கு எண்டு கேட்டனீங்கள்."

"கேட்டனான்தான். அது கண்ணுக்கு முன்னால இருந்தது."

"ஓம்."

"அதுக்கோ இவ்வளவும்?"

அதற்கு மட்டுமல்ல என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்கு மட்டும்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாமி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நேரே பொட்டடிக்குப் போனார்.

"இஞ்சேரும். அந்தப் பிள்ளையின்ர பெட்டியைத் தூக்கி உள்ளுக்கு வையும். எழுதினது என்ர மருமகள். எழுதினது என்னைப் பற்றி."

"உம்மையோ?"

கிழக்கு வளவு மாமியின் குரலில் ஆறுதல் இருந்தது. ஏமாற்றம் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

"ஏன், என்னைப் பற்றி எழுதக் கூடாதோ? நல்ல வடிவா எழுதியிருக்கிறாள்."

பெட்டி உள்ளே போனது. நான் கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் மாமி என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பனங்கிழங்குக் கடகத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்து வேம்பின் கீழே இருந்தார்.

"போய் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா. என்ன எழுதிக் கிடக்கெண்டு பாப்பம்."

வந்த நாளிலிருந்து என்னை 'நீர், வாரும், போம்' என்று மரியாதையாய்த் தள்ளியே வைத்திருந்தவர். அன்றைக்குத்தான் 'வா' என்றார். கோபத்தில் வந்ததா, வேறு எதிலிருந்தாவது வந்ததா என்று கேட்டுப் பார்க்கக்கூடிய சொல்லா அது? ஓடினேன். தபாலதிபர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "கதாநாயகி வீட்டுக்கோ கொண்டு போறீர்? அப்ப நாள் கணக்கில்லை, ஆறுதலா வாசியும்" என்றார்.

மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவர் கிழங்கைத் தோலுரித்துக் கிழிக்க, நான் வாசித்தேன். பதினொரு மத்தியானம். பிறகு எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் நூல்களைப் பற்றிப் பேசக் கேட்டுவிட்டேன். மாமியைப்போல ஒரு வாசகியை நான் காணவில்லை. நடுவில் நிறுத்துவார். "காத்து எந்தப் பக்கமெண்டு சொன்னவர்? சோளகமோ? சோளகத்தில அங்கை கடலில வத்தை விடேலாது. பெட்டை எப்பிடிப் போய்ச் சேந்தவள்?" என்பார். மாமி நயினாதீவிலிருந்து பதினாறு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவர், கடல் தெரியும். புல்லறுக்கப் பிடித்துப்போன புருசன் முதுகில் காயத்தோடு வந்து வாசலில் நிற்கிற இடத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இது எழுதின மனிசன் பட்டிருக்குது. படாமல் இப்பிடி வராது" என்றார். அன்றைக்கு அதற்குமேல் வாசிக்க விடவில்லை.

உப்பு அத்தியாயத்தை நான் பயந்து பயந்துதான் வாசித்தேன். மாமி முழுதையும் கேட்டார்.

"அவள் ஒருக்கால் அந்தக் கஞ்சியை வாயில விட்டுப் பாக்கேல்லையே?"

"இல்லை மாமி."

"மாமிக்காரி முதலே உப்புப் போட்டிருப்பா. நானெண்டால் போட்டிருப்பன். புதுசா வந்தவளிட்டை ஆர் உலையை நம்பி விடுறது?"

அந்த ஒன்பது பக்கங்களையும் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். இப்படி ஒரு எண்ணம் எனக்கு ஒரு தரமும் வந்ததில்லை.

கடைசி நாள் முடித்து மூடினேன். மாமி கையிலிருந்த கிழங்கின் நாரை உரித்துப் போட்டார். பிறகு, "நல்ல கதை" என்றார். "ஆனா ஒரு குறை. அந்த மாட்டுக்குப் பேர் என்ன?"

"வெள்ளச்சி."

"குதிரைக்காரனுக்கும் ஒரு பேர் கிடந்தது. மாமிக்கு?"

புரட்டினேன். முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினேன். மாமி, மாமியார், தாய், கிழவி. முந்நூறு பக்கத்தில் வேறு ஒன்றுமில்லை. அவ்வளவு நுணுக்கமாக எழுதிய மனிதருக்கு அது தோன்றவில்லை. அவரைக் கும்பிடவேண்டும் என்று எழுதிய எனக்கும் தோன்றவில்லை. மாமியின் பெயர் எனக்குத் தெரியும். காணி உறுதியில், பங்கீட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் நீளமான பெயர். அந்தப் பெயரால் அவரை ஒருவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"மாமி, நயினாதீவில வீட்டில உங்களை என்னெண்டு கூப்பிட்டவை?"

கத்தி நின்றது. சொல்லமாட்டார் என்று நினைத்தேன். சொன்னார். இரண்டே எழுத்து. சொல்லும்போது வாய் வேறு விதமாகத் திறந்தது. பதினாறு வயதுக்கு முந்திய வாய்.

உடனேயே அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டார்.

"இதையும் கொண்டுபோய் உதுக்குள்ள எழுதிப்போடாதை" என்றார்.

எழுதவில்லை. இங்கேயும்.